கோல் அடிக்காத மனிசனை எந்தப் பக்கத்தில எழுதுறது?

போன மாதம் எங்கட கழகத்தின் ரைட் பெக் அண்ணன் தன்ர கடைசி மெச்சை ஆடி முடிச்சார். வாவிக்கரை மைதானம். ஒரு பக்கம் தென்னை, மற்றப் பக்கம் தண்ணி. பந்து தண்ணிக்குள்ள போனா சின்னப் பொடியனுகள் பாய்ஞ்சு எடுத்து வருவானுகள். பதினேழு வருசமா அந்த மனிசன் ஒரு பாதி தென்னையோட, மறுபாதி தண்ணியோட என்று கோட்டு ஓரமாவே ஓடித் திரிஞ்சவர். மாலை போட்டாங்க, படம் எடுத்தாங்க, அவரும் ரெண்டு வசனம் கதைச்சுப்போட்டு இறங்கிட்டார்.

அதுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையிலதான் சண்டை தொடங்கினது. கழகத்தின் ஆண்டு நிறைவு மலர் வரப்போகுது. அதில் ‘வரலாற்று நாயகர்கள்’ என்று ஒரு பகுதி, பத்துப் பேருக்கு முழுப்பக்கம். இவருக்கு அதில் இடம் இரிக்கா?

“எத்தின கோல் அடிச்சவர்?” என்று ஒருத்தன் கேட்டான். பதினேழு வருசத்தில ரெண்டு. அதில ஒண்டு எங்கட கோலுக்குள்ளேயே. கடை முழுக்கச் சிரிப்பு. “அவர் இருந்த காலத்தில ஒரு பெரிய கப்பாவது எடுத்தமா?” என்றான் இன்னொருத்தன். அதுவும் இல்லைதான். “ஆனா ஆள் கழகத்தை விட்டுப் போகல்லையே” என்று ஒரு பெரியவர் சொன்னார். “போகாம இரிக்கிறதெல்லாம் சாதனையா ஐயா?” என்று உடனே பதில் வந்தது.

கேள்வியை மூண்டு துண்டாப் பிரிக்கலாம்: கோலா, கப்பா, விசுவாசமா? ஒரு புல் பெக்கை எதை வைத்து அளக்கிறது? நான் வீட்டுக்கு வந்தும் இதையே யோசிச்சுக்கொண்டிருந்தன். எங்கட கடையில நடந்த சண்டை கல்கத்தாவிலும் மிலானிலும் எப்பவோ நடந்து முடிஞ்சது. அங்க கிடைச்ச விடைகள் எங்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுறன்.

முதலில் கல்கத்தா. மோகன் பகான் கழகத்தின் பெரிய பெயர்களில் ஒன்று கோஸ்தா பால். 1896இல் கிழக்கு வங்காளத்தின் பரீத்பூர்ப் பக்கத்தில் பிறந்தவர். பதினாறு வயதளவில் கழகத்தில் சேர்ந்து 1935 வரை, இருபது வருசத்துக்கும் மேலாக, புல் பெக்காக ஆடினார். 1921 முதல் 1926 வரை அணித்தலைவர். ‘சீனப் பெருஞ்சுவர்’ என்பது அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். 1933இல் இந்திய அணியொன்று இலங்கைக்கு வந்தபோதும் தலைவராக வந்தவர் இவர்தான். 1962இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் உதைபந்தாட்டக்காரர். 1976இல் காலமானார். இண்டைக்கும் ஈடன் கார்டன் மைதானத்துக்குக் கிட்ட அவருக்குச் சிலை இரிக்கு, அந்தப் பாதைக்கும் அவர் பெயர்தான்.

சரி, இவர் எத்தின கப் எடுத்தவர்?

மோகன் பகான் புகழ்பெற்ற ஐஎப்ஏ ஷீல்டை வென்றது 1911 ஜூலை 29. கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று தோற்கடித்த அந்த மெச்சில் பால் இல்லை. அவர் சேர்ந்தது அதுக்குப் பிறகு. கல்கத்தா லீக்கை அந்தக் கழகம் முதன்முதலாக வென்றது 1939இல். அவர் ஓய்வு பெற்று நாலு வருசம் கழிச்சு. ஷீல்டு மறுபடி வந்தது 1947இல்தான். 1923இல் ஷீல்டு இறுதியாட்டம் வரைக்கும் போனாங்க, கல்கத்தா எப்சி அணியிட்டத் தோத்தாங்க. அதாவது அந்தக் காலத்தின் ரெண்டு பெரிய கிண்ணங்களில் ஒண்டைக் கூட இந்த மனிசன் தூக்கினதில்லை. கழகத்தின் ரெண்டு வெற்றிகளுக்கு நடுவில இருந்த வெறும் காலம் முழுக்க ஆடினவர் அவர். சிலையும் அவருக்குத்தான்.

எங்கட கடைக் கணக்கில் இவருக்கு மலரில் அரைப்பக்கம் கூடக் கிடைச்சிராது.

அப்ப கல்கத்தாக்காரர் எதைப் பார்த்து மதிச்சாங்க? இதை விளங்க அந்தக் காலத்துப் புல் பெக்கின் வேலையைத் தெரிஞ்சுகொள்ள வேணும். அப்போது அணி நிண்ட விதம் 2–3–5. முன்னால அஞ்சு பேர், நடுவில மூண்டு பேர், கோல் கீப்பருக்கு முன்னால ரெண்டே ரெண்டு புல் பெக். இப்ப மாதிரி கோட்டோரமா ஏறிப்போய்ப் பந்தை உள்ளுக்குப் போடுற வேலை அவங்களுக்கு இல்லை. ரெண்டு பேர் உடைஞ்சா கோல், அவ்வளவுதான். இந்த நிலையில் வெறுங்காலோட நிண்டு, பூட்ஸ் போட்ட பிரிட்டிஷ் படையணிகளையும் வெள்ளைக்காரக் கழகங்களையும் மறிச்சவர் பால்.

இடையில சட்டமும் மாறினது. 1925 வரைக்கும் ஓஃப்சைட் இல்லாமல் இருக்க, பந்து உதைக்கப்படும் நேரத்தில் தாக்குறவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில எதிரணிக்காரர் மூண்டு பேராவது நிக்க வேணும். அதனால ஒரு புல் பெக் முன்னேறி நிண்டாலே போதும், தாக்குறவன் பிடிபடுவான். கணக்குப் பிசகினாலும் பின்னால மற்றப் பெக் காவலுக்கு நிப்பான். 1925இல் அந்த மூண்டு இரண்டாகியது. இனி முன்னேறி நிண்டு பிசகினால் பின்னால கீப்பர் மட்டும்தான். இங்கிலாந்தின் முதல் பிரிவில் 1924–25 பருவத்தில் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த பருவத்தில் 1,703. ஒரே வருசத்தில ஐந்நூறுக்கும் மேல கூட. உலகம் முழுக்கப் புல் பெக்குகளின் தொழில் ஒரே நாளில் கஷ்டமாகிப் போச்சு. அப்போது பாலுக்கு வயது இருபத்தொன்பது. பழைய சட்டத்தில் பழகின கால், புதிய சட்டத்திலும் இன்னும் பத்து வருசம் நிண்டு பிடிச்சது. இதை எந்தக் கிண்ணத்திலயும் பொறிக்க ஏலாது.

இந்த வாதத்தில ஒரு ஓட்டையும் இரிக்கு, அதை மறைக்கக் கூடாது. பாலின் புகழில் ஒரு பங்கு அரசியல். வெள்ளைக்காரன் ஆண்ட ஊரில், வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டில், ஒரு வங்காளி அசையாமல் நிக்கிறதைப் பார்க்கத்தான் சனம் மைதானத்துக்கு வந்தது. 1935இல் வெள்ளைக்காரக் கழகமொண்டோட நடந்த மெச்சில், மத்தியஸ்தரின் பக்கச்சார்பைக் கண்டிச்சு அவரும் ஆக்களும் மைதானத்திலேயே படுத்துவிட்டார்கள், அதோடுதான் அவர் ஆட்டத்தை விட்டார் என்று கல்கத்தா ரசிகர் இண்டைக்கும் கதை சொல்லுவாங்க. அது எவ்வளவு சரியோ, அந்தக் கதை உயிரோட இருக்கிறதே அவரைச் சனம் எப்படிப் பார்த்தது என்பதுக்குச் சாட்சி. ஆனா அரசியல் மட்டும் போதாது. அதே காலத்தில் அதே சட்டை போட்டு அதே மைதானத்தில் நிண்டவங்க எத்தனையோ பேர். ‘சுவர்’ என்ற பெயர் ஒருத்தருக்குத்தான் ஒட்டினது.

அடுத்தவர் அதே கழகத்தின் இன்னொரு புல் பெக், சைலேன் மன்னா. 1942இலிருந்து 1960 வரை மோகன் பகான். இவர் காலத்தில் லீக், ஷீல்டு எல்லாம் பல தடவை வந்தது. 1953இல் டூரண்ட் கிண்ணமும் முதன்முறையாக வந்தது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் எடுத்த இந்திய அணியின் தலைவரும் இவர். கப் கணக்குப் பார்க்கிற ஆக்களுக்கு இவரோட பிரச்சினையே இல்லை.

ஆனா மன்னாவின் கணக்கிலயும் ஒரு கறுப்புப் புள்ளி இரிக்கு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிரா இந்தியா 1–2 என்று தோத்தது. இந்தியாவின் ஒரே கோலை அடிச்சவர் சாரங்கபாணி ராமன். அந்த மெச்சில் இந்தியாவுக்கு ரெண்டு பெனால்டி கிடைச்சது, ரெண்டும் வீண். அதில ஒண்டைத் தவறவிட்டவர் மன்னா. எங்கட ஊரில ஒரு பெனால்டி விட்டவனை அவன்ர பிள்ளை கலியாணம் கட்டுற வரைக்கும் பகிடி பண்ணுவம். ஆனா 2012இல் மன்னா காலமானபோது கல்கத்தா அவரை அந்தப் பெனால்டியை வைத்து அளக்கவில்லை. பதினெட்டு வருசம் ஒரு பக்கத்தால ஆக்களை விடாமல் வைச்சிருந்தவனை, ஒரு உதையை வைத்து எடைபோடுறது நியாயம் இல்லை என்று அந்த ரசிகர்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

மூண்டாவது ஆள் எங்கட வயசுப் பொடியனுகளுக்கும் தெரிஞ்சவர், பாவ்லோ மால்டினி. ஏசி மிலானில் 1985 முதல் 2009 வரை 902 மெச். லெப்ட் பெக்காக ஆடி, பிறகு நடுவுக்கு வந்தவர். ஐரோப்பியக் கிண்ணம் ஐந்து, இத்தாலி லீக் ஏழு. கப் வேணுமா, இரிக்கு. விசுவாசம் வேணுமா, ஒரே கழகம். இவரைப் பற்றிச் சண்டை வர வாய்ப்பே இல்லை என்று நினைப்பீங்க. 2009 மே 24, சான் சிரோவில் ரோமா அணியோட அவரின் கடைசி உள்ளூர் மெச். முடிஞ்சு மைதானத்தைச் சுத்தி வரும்போது சொந்த ரசிகர்களில் ஒரு கூட்டம் விசில் அடிச்சு, எதிர்ப் பதாகையும் பிடிச்சது. அந்தக் கூட்டத்துக்கும் அவருக்கும் இடையில பழைய மனக்கசப்பு இருந்தது. ஒரு கிழமை கழிச்சுப் பிளோரன்ஸில் கடைசி மெச் ஆடினார். எதிரணியின் ரசிகர்கள் எழும்பி நிண்டு கை தட்டினாங்க.

எனக்கு இந்த ரெண்டு கிழமைக் கதைதான் கண்ணைத் திறந்தது. சொந்தக் கூட்டத்துக்குக் கோபம் இரிக்கும், பாசம் இரிக்கும், மனஸ்தாபம் இரிக்கும். அவனுக்கு எதிரா ஆடின ஊருக்குத்தான் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். கோல் அடிச்சவனுக்குப் பேப்பரே சாட்சி. புல் பெக்குக்குச் சாட்சி அவனைத் தாண்ட ஏலாமல் போன விங்கரும், அவன் பக்கத்தில் நிண்ட கீப்பரும்தான். நடக்காமல் போன கோலை யாரும் எழுதி வைக்கிறதில்லை. ஆகவே அந்தச் சாட்சிகளைத் தேடிப் போய்த்தான் கேட்க வேணும்.

எங்களுக்கு இது இன்னும் அவசரம். கல்கத்தாவில் பழைய பத்திரிகைகள் இருக்கு. எங்கட கழகத்தின் அலுமாரியில் என்ன இரிக்கு? 1978 சூறாவளிக்குத் தப்பின ஆவணங்கள் கொஞ்சம் இடம்பெயர்வில போச்சு, மிச்சம் 2004 சுனாமியோட போச்சு. இப்ப இருக்கிறது ஆக்களின் ஞாபகம் மட்டும். அந்த ஆக்களிலும் பாதிப்பேர் கட்டாரிலும் லண்டனிலும் கனடாவிலும். எங்கட மாவட்டத்துப் பெரிய மைதானத்துக்கு ஒரு ஆசிரியரின் பெயர்தான் வைச்சிருக்கு: புனித மிக்கேல் கல்லூரியில் பொடியனுகளைப் பழக்கின அமெரிக்க யேசுசபைத் துறவி வெபர் அடிகளார். கோல் அடிக்காத ஒருத்தரை நினைவில வைச்சிருக்க மட்டக்களப்பாருக்குத் தெரியும் என்பதுக்கு அந்த வெபர் மைதானமே அத்தாட்சி. அதே பழக்கத்தைக் கழக மலர்களுக்கும் கொண்டுவரலாம்தானே?

அதனால போன ஞாயிற்றுக்கிழமை நான் வாவியைத் தாண்டிப் படுவான்கரைப் பக்கம் போனன். எங்களோட வருசக்கணக்கா மோதின கழகத்தில லெப்ட் விங் ஆடின ஒருத்தரைப் பார்த்தன். இப்ப வயல் செய்யிறார், முழங்கால் சரியில்லை. எங்கட அண்ணனைப் பற்றிக் கேட்டன். கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டுச் சொன்னார்:

“உங்களோட மெச் எண்டா நான் லெப்டில நிக்க மாட்டன் தம்பி. முதல் பத்து நிமிசத்திலேயே கோச்சரிட்டச் சொல்லி மற்றப் பக்கம் மாறிடுவன். அந்த ஆளைத் தாண்டிப் போறதுக்கு எனக்கு வழி தெரியல்ல. அடிக்கவும் மாட்டார், இழுக்கவும் மாட்டார். நான் போற இடத்தில எனக்கு முதல் அவர் நிப்பார்.”

பிறகு எங்கட பழைய கீப்பரிட்டப் போனன். அவர் சொன்னது இன்னும் சின்னக் கதை: வலது பக்கத்தை அவர் பார்த்ததே இல்லையாம், இடது பக்கம் பார்க்கத்தான் அவருக்கு வேலை இருந்ததாம்.

இந்த ரெண்டையும் எழுதி மலர்க் குழுவுக்குக் குடுத்திருக்கன். கோல் ரெண்டு, அதில ஒண்டு எங்கட பக்கத்துக்கே என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கன். அவர் இருந்தபோது பெரிய கப் வரல்ல என்பதையும். அதுக்குக் கீழதான் படுவான்கரை விங்கரின் வாக்குமூலம். கோல், கப் கணக்கை வைச்சு இடம் இல்லை என்று சொன்ன பொடியனுகளுக்கும் வாசிச்சுக் காட்டினன். ஒருத்தன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளல்ல. “அப்ப முழுப்பக்கம் குடுங்க, ஆனா அந்த ஓன் கோலைப் பெரிய எழுத்தில போடுங்க” என்றான். போடலாம், பிழையில்லை.

நீங்களும் உங்கட ஊர்க் கழகத்தில ஒரு பெக்கைத் தெரிவு செய்யுங்க. அவருக்கு எதிரா ஆடினவரைத் தேடிப் போங்க. கேட்டதை அப்படியே எழுதி அனுப்புங்க. அந்த விங்கர்மாருக்கும் வயசு போய்க்கொண்டிருக்கு.