வற்றல் தட்டும் உப்பு ஒப்பந்தமும்



பங்குனி முடியப் போகிறது. காம்பவுண்டு ஓரப் பாத்திகளிலும் பால்கனித் தொட்டிகளிலும் கொத்தவரை, மிளகாய், மணத்தக்காளி எல்லாம் காய்த்து ஓயும் நேரம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் கடைசிப் பறிப்பு முழுவதையும் சமைத்துத் தீர்க்க முடியாது. இதற்கு நம் பாட்டிமார் கண்ட வழிதான் வற்றல்.

கொத்தவரங்காயை உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்துவார்கள். மணத்தக்காளியை உப்பு மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் பரப்பி, இரவில் மீண்டும் அதே மோரில் போடுவார்கள். மோர் வற்றியதும் சுக்காகக் காயவைத்து டப்பாவில் அடைப்பார்கள். ஐப்பசி அடைமழையில் காய்கறி கிடைக்காத நாளுக்கு அது கைகொடுக்கும்.

இதற்கு முதலீடு இரண்டுதான்: வெயில், உப்பு. கடலோர ஊரில் உப்புக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். பணி ஓய்வுக்குப் பின் நம் ஊர் வரலாற்றைப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. 1793இல் தொடங்கிய போரில் ஆங்கிலேயர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரைத் திருப்பித் தருவதாக 1814இல் பாரிஸ் உடன்படிக்கை ஆயிற்று. ஆனால் ஆங்கிலேயருக்கு ஒரு கவலை. சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அவர்களுடைய ஏகபோகம். பிரெஞ்சு எல்லைக்குள் தாராளமாக உப்பு விளைந்தால், அது எல்லை தாண்டிவந்து அவர்கள் வருமானத்தைக் கெடுக்கும்.

எனவே 1815 மார்ச் 7 அன்று லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கே. பதிலுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்கு. 1818இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, உப்பு விளைவிப்பதையே நிறுத்தினார்கள். உப்பளக்காரர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன். வீட்டுக்கு வேண்டிய உப்பையும் இனி ஆங்கிலேயரே தருவார்கள்.

வணிகவியல் படித்தவன் என்பதால் வரவு செலவு எழுதிப் பார்த்தேன். இரண்டு சர்க்காருக்கும் வரவு. அளத்தில் கூலி வேலை செய்தவருக்கும், கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து தந்த உப்பில் ஊறுகாய் போட்ட குடும்பத்துக்கும் செலவு. அவர்களை யாரும் கேட்கவில்லை.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வேதாரண்யம் போய் உப்பு அள்ளினார். நமக்குத் தெற்கே, நாகப்பட்டினம் தாண்டி இருக்கும் ஊர் அது. அப்போதும் நாம் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தோம். உப்பு வரி 1947இல் ஒழிந்தது. 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது.

இன்று கல்லுப்பு மூலைக்கடையில் கிடைக்கிறது. ஒரு கிலோ மாவடுவுக்கு 150 முதல் 200 கிராம் வரை போடுங்கள். காயிலுள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். கெடுக்கும் கிருமிகள் அதில் பிழைப்பது கடினம். உப்பைக் குறைத்தால் பூசணம் பூக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயைக் குறைவாகத் தொட்டுக்கொள்ளுங்கள். ஜாடியில் உப்பைக் குறைக்காதீர்கள்.

உப்புக்கு இப்போது தடையில்லை. வெயிலுக்குத்தான் தடை! மொட்டைமாடிக் கதவு பூட்டியே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, சின்னப் பிள்ளைகள் என்று சங்கம் சொல்லும் காரணம் நியாயமானதே. சித்திரை ஒரு மாதம் மட்டும், காலை 9 முதல் மாலை 4 வரை திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சாவிக்கும் காக்கை விரட்டவும் நான் பொறுப்பு. முப்பது ஆண்டுக்கு மேல் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன்தானே!

உங்கள் வீட்டு வற்றல் தட்டுக்கும் இடம் பிடித்து வைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வந்து ஆதரவு சொல்லுங்கள்.