வட்டுப் பேரடைகள்

விண்மீன்களும் வாயுவும் தூசும் தட்டையான வட்டாகச் சுழலும் பேரடைகள். இவற்றை எட்வின் ஹபிள் 1926இல் வகைப்படுத்தினார். சாதாரணச் சுருள் பேரடை ‘எஸ்’. மையத்தின் குறுக்கே விண்மீன் சட்டம் உள்ளது ‘எஸ்பி’. மையப் புடைப்பு பெருத்து, சுருள் கைகள் இறுகியிருந்தால் உட்பிரிவு ‘ஏ’, புடைப்பு சிறுத்து, கைகள் விரிந்திருந்தால் ‘சி’, இடைப்பட்டது ‘பி’. சுருள் கைகளற்ற வில்லை வடிவமான ‘எஸ்0’ வகையை அவர் 1936இல் சேர்த்தார். ழெரார் டி வோக்கூலர் 1959இல் சாதாரணச் சுருளுக்கும் சட்டச் சுருளுக்கும் இடைப்பட்ட ‘எஸ்ஏபி’ வகையையும், ‘சி’க்கு அடுத்து ‘டி’, ‘எம்’ உட்பிரிவுகளையும் சேர்த்தார்.

நமது பால்வீதி சட்டச் சுருள் வகை. அக்கரைப்பற்றுக் கடற்கரையில், நிலவில்லாத ஜூன் முன்னிரவில், தென்கிழக்கே கடலுக்கு மேல் தெரியும் வெண்பட்டை அதன் வட்டே. வட்டுக்குள்ளிருந்தே பார்ப்பதால் அது பட்டையாகத் தெரிகிறது. நடுவே ஓடும் கரும்பிளவு தூசு முகில்.