முற்காலத் தமிழ்ப் புதினங்களை ஒப்பிட்டுக் கற்பித்தல்

முற்காலத் தமிழ்ப் புதினங்களை ஒப்பிட்டுக் கற்பித்தல் என்பது, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெளிவந்த தமிழ்ப் புதினங்களை ஒன்றோடொன்று வைத்து மாணவர்களை வாசிக்கச் செய்யும் கற்பித்தல் முறையைக் குறிக்கும். இம்முறையில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுபவை மூன்று நூல்கள் ஆகும். அவை மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் (1879), பி. ஆர். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் (நூல் வடிவில் 1896), அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் (முதற்பாகம் 1898) என்பன. மூன்றின் தலைப்பிலும் "சரித்திரம்" என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. புதினம், நாவல் ஆகிய சொற்கள் தமிழில் நிலைபெறாத காலத்தில் இவை எழுதப்பட்டன என்பதை இது காட்டுகின்றது.

பின்னணி

ஒரே காலத்தைச் சேர்ந்த படைப்புகளை ஒப்பிடுவது ஒப்பியல் இலக்கியத்தின் அடிப்படை முறைகளுள் ஒன்று. இந்தியாவில் ஒப்பியல் இலக்கியத்துக்கெனத் தனித்துறை முதன்முதலாகக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கப்பட்டது. தமிழில் க. கைலாசபதி எழுதிய தமிழ் நாவல் இலக்கியம் (1968), ஒப்பியல் இலக்கியம் (1969) ஆகிய நூல்கள் இத்துறையில் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. சிட்டியும் சிவபாதசுந்தரமும் இணைந்து எழுதிய தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும் (1977) மாணவர்களால் பரவலாகப் பயன்படுத்தப்படும் வரலாற்று நூலாகும்.

தமிழில் நெடுங்காலம் கதைகள் செய்யுளிலேயே சொல்லப்பட்டு வந்தன. புதினத்தின் உள்ளடக்கத்தை ஒத்த ஆதியூர் அவதானி சரிதம் (1875) கூடச் செய்யுள் வடிவிலேயே அமைந்தது. எனவே உரைநடையில் ஒரு நெடுங்கதையை எவ்வாறு சொல்வது என்பதே அக்கால எழுத்தாளர் அனைவரும் எதிர்கொண்ட பொதுச் சிக்கல். ஒரே சிக்கலுக்கு மூன்று ஆசிரியர்கள் கண்ட மூன்று விடைகள் என்ற முறையில் இந்நூல்களை அணுகும்போது ஒப்பீடு பொருளுடையதாகின்றது.

ஒப்பிடப்படும் புதினங்கள்

பிரதாப முதலியார் சரித்திரம்

இதுவே அச்சில் வெளிவந்த முதல் தமிழ்ப் புதினம் எனக் கொள்ளப்படுகின்றது. ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். நீதிநூல் (1859), பெண்மதி மாலை (1869), சுகுண சுந்தரி (1887) ஆகியன இவருடைய பிற நூல்கள். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார்.

கதைத்தலைவனான பிரதாபன் தன் வரலாற்றைத் தானே கூறுவதாகப் புதினம் அமைந்துள்ளது. அவனுக்கும் ஞானாம்பாளுக்கும் நடைபெறும் திருமணம், பிரிவு, மீண்டும் இணைதல் என்பன கதையின் பெரும்போக்கு. பிரிந்த காலத்தில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டின் அரசுப் பொறுப்பை ஏற்று ஆள்கிறாள். இடையிடையே கிளைக்கதைகளும் அறிவுரைகளும் நகைச்சுவைத் துணுக்குகளும் வருகின்றன. மக்களுக்குப் புரியாத மொழியில் நீதிமன்றங்கள் நடைபெறுவது பற்றிய கண்டனமும் இதில் இடம்பெறுகின்றது.

கமலாம்பாள் சரித்திரம்

வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர் (1872–1898) இதனை விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக எழுதினார். "ஆபத்துக்கிடமான அபவாதம்" என்பது இதன் மற்றொரு தலைப்பு. ஆசிரியர் பின்னர் பிரபுத்த பாரதா என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்து, 26ஆம் வயதில் காலமானார்.

மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் கிராமத்தில் வாழும் முத்துஸ்வாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள் ஆகியோரின் குடும்பக் கதை இது. ஊர்ப்பேச்சு, பொறாமை, பொருளிழப்பு, மனைவி மீது சுமத்தப்படும் பழி என்பவற்றால் குடும்பம் சிதைகின்றது. பிற்பகுதி ஆன்மிகத் தேடலாக மாறுகின்றது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியர் பாத்திரம் நகைச்சுவைக்குப் பெயர்பெற்றது.

பத்மாவதி சரித்திரம்

திருநெல்வேலிப் பகுதியிலுள்ள பெருங்குளத்தில் பிறந்த மாதவையா (1872–1925) உப்பு, சுங்கத்துறையில் அரசுப் பணி புரிந்தவர். தமிழில் முத்துமீனாட்சி (1903) என்னும் புதினத்தையும், ஆங்கிலத்தில் தில்லை கோவிந்தன் (1903), கிளாரிந்தா (1915) முதலிய புதினங்களையும் எழுதினார். பத்மாவதி சரித்திரத்தின் கதை நாராயணன், அவன் மனைவி பத்மாவதி, நண்பன் கோபாலன் ஆகியோரைச் சுற்றி நிகழ்கின்றது. கல்லூரிக் கல்வி பெற்ற கணவனின் மனத்திலும் மனைவியைப் பற்றிய ஐயம் எழுவது கதையின் முக்கியத் திருப்பமாகும். மூன்றாம் பாகம் ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறவில்லை.

மாதவையா 1925 அக்டோபரில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் எனச் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பேசியபோது அங்கேயே உயிர்துறந்தார். இந்நூல்கள் கல்லூரி வகுப்பறையை எட்டியதற்குப் பின்னால் இத்தகைய போராட்டமும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

ஒப்பிடும் கூறுகள்

ஒப்பீட்டில் எது ஒன்றாக உள்ளது, எது வேறுபடுகின்றது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். ராஜம் ஐயரும் மாதவையாவும் ஒரே ஆண்டில் (1872) பிறந்தவர்கள். இருவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர்கள். இருவரும் விவேக சிந்தாமணியில் எழுதியவர்கள். மாதவையாவின் சாவித்திரி சரித்திரம் அவ்விதழில் 1892இல் தொடராக வெளிவரத் தொடங்கி இடையில் நின்றது. அதுவே பின்னர் முத்துமீனாட்சியாக விரிந்தது. இவ்வளவு ஒற்றுமைகள் இருந்தும் இருவரின் படைப்புகளும் வெவ்வேறு திசைகளில் செல்கின்றன. ஆகவே அந்த வேறுபாட்டிற்குக் காலத்தையோ கல்வியையோ மட்டும் காரணமாகக் கூற இயலாது. வேதநாயகம் பிள்ளையோ இவர்களுக்கு 46 ஆண்டுகள் மூத்தவர். அவருடைய நூலோடு ஒப்பிடுகையில் தலைமுறை வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வகுப்பில் பயன்படக்கூடிய முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

1. கதைசொல்லி: முதற்புதினத்தில் கதைத்தலைவனே பேசுகிறான். எனவே அவன் அறியாததை வாசகர் நேரடியாக அறிய இயலாது. கமலாம்பாள் சரித்திரத்தில் எல்லாம் அறிந்த கதைசொல்லி, பாத்திரங்களைப் பற்றித் தன் கருத்தையும் கூறிச் செல்கிறார்.

2. இடம்: பிரதாபனின் சத்தியபுரி கற்பனை ஊர். சிறுகுளம் அடையாளம் காணத்தக்க கிராம வாழ்வுடன் தீட்டப்பட்டுள்ளது. பத்மாவதி சரித்திரத்தில் கிராமத்துடன் சென்னை நகரமும் கல்லூரி வாழ்வும் சேர்கின்றன.

3. மொழி: வேதநாயகம் பிள்ளையின் பாத்திரங்கள் பெரும்பாலும் ஆசிரியரின் நடையிலேயே பேசுகின்றன. ராஜம் ஐயரின் பாத்திரங்களுக்கு வீட்டுப் பேச்சுமொழி கிடைக்கின்றது.

4. பெண்கள்: ஞானாம்பாள் ஆண் வேடத்தில்தான் ஆள முடிகின்றது. கமலாம்பாள் பழிச்சொல்லுக்கு ஆளாகிறாள். பத்மாவதி ஐயத்துக்கு ஆளாகிறாள். மூன்று ஆசிரியர்களும் பெண்கள் மீது பரிவு கொண்டவர்களே. எனினும் அப்பரிவு ஒவ்வொன்றிலும் எந்த எல்லையில் நிற்கின்றது என்பது நல்ல ஆய்வுக் கேள்வியாகும்.

5. வெளியீட்டு முறை: முதலாவது முழு நூலாகவும் இரண்டாவது மாதத் தொடராகவும் வாசகரை அடைந்தன. தொடராக வந்த கதையில் அத்தியாய முடிவுகள் அடுத்த இதழுக்கான எதிர்பார்ப்பைத் தூண்டுகின்றனவா என மாணவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.

அமெரிக்கப் புதினங்களுடன் இணை

ஒரே காலப் புதினங்களை ஒப்பிடும் முறைக்கு அமெரிக்க இலக்கிய வகுப்புகளில் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1885 பிப்ரவரி மாத செஞ்சுரி இதழில் மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னிலிருந்து ஒரு பகுதியும், வில்லியம் டீன் ஹவல்சின் சைலஸ் லாபம், ஹென்றி ஜேம்சின் பாஸ்டோனியர்கள் ஆகிய தொடர்களின் பகுதிகளும் ஒருங்கே வெளிவந்தன. ஒரு சிறுவன் தன் பேச்சுமொழியில் கூறும் ஆற்றுப் பயணம், ஒரு வண்ணப்பூச்சு வணிகரின் செல்வமும் வீழ்ச்சியும், பெண்ணுரிமை இயக்கத்தைச் சுற்றிய பூசல் ஆகிய மூன்றும் ஒரே வாசகர் கையில் ஒரே மாதத்தில் கிடைத்தன. பேச்சுமொழி, பொருளிழப்பு, பெண்ணின் நிலை ஆகிய இதே பொருள்கள் மேற்கூறிய தமிழ்ப் புதினங்களிலும் காணப்படுகின்றன.

இங்கு இணை, தாக்கம் என்னும் இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. இரு படைப்புகள் ஒத்திருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது என்று ஆகாது. தாக்கத்தை நிறுவ ஆசிரியர் அந்நூலைப் படித்தார் என்பதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லாதபோது "ஒத்த சூழலில் எழுந்த ஒத்த பொருள்" என்று மட்டுமே கூறலாம்.

கற்பிக்கும் முறை

இரு நூல்களை முழுமையாக ஒப்பிடச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் இரு கதைச்சுருக்கங்களை அடுத்தடுத்து எழுதிவிடுகின்றனர். இதனைத் தவிர்க்கப் பின்வரும் படிமுறை உதவும்:

* ஒத்த நிகழ்வு கொண்ட இரு சிறு பகுதிகளைத் தேர்ந்தெடுத்தல். எடுத்துக்காட்டு: முத்துஸ்வாமி ஐயர் மனைவி மீதான பழியைக் கேள்வியுறும் பகுதி, நாராயணனுக்கு ஐயம் எழும் பகுதி.
* ஒரே கேள்வியை இரண்டுக்கும் கேட்டல். எடுத்துக்காட்டு: பழிக்கு ஆளான பெண்ணின் குரல் இப்பகுதியில் கேட்கின்றதா?
* ஒற்றுமையையும் வேறுபாட்டையும் நூலிலிருந்தே சான்றுடன் குறித்தல்.
* வேறுபாட்டிற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுதல். கட்டுரையின் மையக்கருத்து அதுவே.
* அக்கருத்துக்கு எதிரான சான்றை நூலில் தேடுதல். கிடைத்தால் கருத்தைத் திருத்துதல்.

மூன்று ஆசிரியர்களும் காலமாகி 60 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் இந்நூல்கள் இந்தியாவில் காப்புரிமைக் கட்டுப்பாடு அற்றவை. பகுதிகளைப் படியெடுத்து வகுப்பில் வழங்கத் தடையில்லை.

வட்டாரச் சூழலும் உதவக்கூடியது. காரைக்கால் மாவட்டத்தின் சுரக்குடி போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு வேதநாயகம் பிள்ளை பணியாற்றிய தரங்கம்பாடியும் மாயூரமும் (இன்றைய மயிலாடுதுறை) அண்மையில் உள்ளவை. 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசமும், 1954 வரை காரைக்கால் பிரெஞ்சியர் வசமும் இருந்தன. ஒரு சிறு நிலப்பரப்பில் பல ஆட்சிகளும் பல அலுவல் மொழிகளும் நிலவிய இச்சூழலை அறிந்த மாணவர், நீதிமன்ற மொழி பற்றிய பிரதாப முதலியார் சரித்திரப் பகுதியை வெறும் அறிவுரையாக அன்றி, ஒரு முன்சீப்பின் அன்றாடப் பட்டறிவாகவும் படிக்க இயலும்.

பொதுவான தவறுகள்

பிற்கால அளவுகோலைக் கொண்டு முந்தைய நூலைக் குறைத்து மதிப்பிடுதல் அடிக்கடி நிகழும் தவறாகும். கிளைக்கதைகள் மிகுந்திருப்பதால் பிரதாப முதலியார் சரித்திரம் "முதிராத" புதினம் எனக் கூறப்படுவதுண்டு. ஆனால் கதைக்குள் கதை கூறுவது அக்கால வாசகர் நன்கு அறிந்த மரபு. அம்மரபை ஆசிரியர் எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்பதே பயன் தரும். கமலாம்பாள் சரித்திரத்தின் ஆன்மிகப் பிற்பகுதியை "தொய்வு" என ஒதுக்குவதும் இத்தகையதே. ஆசிரியரின் வேதாந்த ஈடுபாட்டை அறிந்தபின், அப்பகுதியை அவருடைய நோக்கமாகவும் காணலாம். அதன்பின் அது கதையோடு பொருந்துகின்றதா என மதிப்பிடுவது மாணவரின் உரிமை.

உணர்வுக்குரிய பகுதிகள்

பழைய நூல்களில் சாதி, இனம் சார்ந்த சித்தரிப்புகள் இன்றைய வகுப்பறையில் சிலரைப் புண்படுத்தக்கூடும். ஹக்கிள்பெரி ஃபின் 1885இல் மாசசூசெட்சின் கான்கார்டு நூலகத்தில் பண்பற்ற நூல் என விலக்கப்பட்டது; பிற்காலத்தில் அதிலுள்ள இனஇழிவுச் சொல் காரணமாகப் பள்ளிகளில் விவாதத்துக்கு உள்ளானது. தமிழ்ப் புதினங்களிலும் இச்சிக்கல் உண்டு. கமலாம்பாள் சரித்திரத்தில் கள்வனாக வரும் பாத்திரம் சாதிப் பெயருடன் சுட்டப்படுகின்றது. இத்தகைய பகுதிகளை மறைப்பதைவிட, யார் யாரைப் பற்றி எழுதுகிறார், எழுதப்பட்டவர் தம் கதையைக் கூற அன்று வாய்ப்பிருந்ததா என்னும் கேள்விகளோடு வாசிப்பது அறிவுக்கும் மதிப்புக்கும் பொருத்தமானது.

வரம்புகள்

இம்மூன்று நூல்களை மட்டும் முன்னிறுத்துவது முழுமையான படத்தைத் தராது. மூவரும் ஆங்கிலக் கல்வி பெற்ற ஆண்கள். இலங்கையின் தொடக்ககாலப் புதினங்களும் இதில் விடுபடுகின்றன. சித்தி லெப்பையின் அசன்பே சரித்திரம் (1885), இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை (1891), திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி (1895) ஆகியன இதே காலத்தவை. இவற்றுள் அசன்பே சரித்திரம் காலவரிசையில் கமலாம்பாள் சரித்திரத்துக்கு முற்பட்டது. இந்நூல்களுள் ஒன்றையேனும் சேர்த்துக்கொள்ளும்போது, தமிழ்ப் புதினம் ஒரே ஊரிலோ ஒரே சமயத்தாரிடமோ தோன்றி வளர்ந்ததன்று என்பதை மாணவர்கள் தாமே உணர்வர்.