சிறிய இசைப்பெட்டியின் சரித்திரம்

கிருலப்பனைக் கால்வாயை அண்டிய குடியிருப்பொன்றில் வாழும் எமது மாணவன் ஒருவன், முப்பத்தேழு கட்டைகள் கொண்ட சிறிய மின்னிசைக் கருவி ஒன்றை அண்மையில் இரண்டாங் கையாக வாங்கினான். எமது மக்கள் ‘ஓர்கன்’ என்றும், விஷயமறிந்தோர் ‘சின்தசைசர்’ என்றும் வழங்கும் கருவிதான் அது. அதைக் கண்ட உறவினர் ஒருவர், “இது விளையாட்டுச் சாமான் தம்பி; சங்கீதம் படிப்பதென்றால் வீணையோ வயலினோ வேண்டும்” என்றார். ஒரு வீணை வாங்க அந்த வீட்டில் எத்தனை மாதச் சம்பளம் வேண்டும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அவரது கூற்றில் தீய எண்ணம் எதுவுமில்லை. ஆயினும் அது நெடிய சரித்திரமுடைய கூற்றாகும். மலிவான கருவியொன்று சாதாரண மக்களின் கைக்கு வரும்போதெல்லாம் இதே தீர்ப்பு வழங்கப்பட்டு வந்திருக்கிறது.

ஆர்மோனியத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த இக்கருவி, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்ற கைவினைஞரின் முயற்சியால், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கத்தக்க சிறு பெட்டியாயிற்று. பம்பாயின் பார்சி நாடகக் குழுக்கள் அதை ஊரூராகக் கொண்டு சென்றன. அக்குழுக்களின் பாதிப்பால் கொழும்பில் சிங்கள நூர்த்தி நாடகம் தழைத்தது. 1911இல் மருதானையில் ரவர் மண்டபம் எழுந்தது. தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபும், யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து போன்றோர் வளர்த்த இசை நாடகமும் ஆர்மோனியத்தின் துணையின்றி நடந்தவையல்ல. விடிய விடிய நடந்த கூத்துக் கொட்டகைகளில் உழைக்கும் மக்கள் கேட்ட சங்கீதம் பெரும்பாலும் இப்பெட்டியின் சுருதியில் நின்ற சங்கீதமே.

இதற்கு எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. பாரதி தமது கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடினார். அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் அதற்குத் தடை விதித்தது. அவ்வேளை வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். நாடு விடுதலை அடைந்த பின்னரும் தடை நீடித்தது. 1971இல்தான் அது தளர்த்தப்பட்டது, அப்போதும் முழுமையாக அன்று.

எதிர்த்தோரின் வாதத்தை நாம் அலட்சியம் செய்தல் தகாது. அசையாத பன்னிரண்டு சுரங்களை மட்டும் ஒலிக்கும் கருவியில் கமகம் இல்லை. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே குரல் வழுக்கிச் செல்லும் வழி இல்லை. இந்தக் குறை மெய்யானதே. ஆனால் ஒரு கருவியின் குறையைச் சொல்வது வேறு. அக்கருவியை வாசிப்பவனுக்கு வாசலை அடைப்பது வேறு. வானொலி செய்தது இரண்டாவதாகும். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. பாடகரின் சுருதியை ‘நாலு கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தக் கட்டைகள் ஆர்மோனியத்தின் கட்டைகளே. கருவியைத் தள்ளிவைத்த சபைகளும் அதன் சொல்லைத் தள்ளிவைக்க இயலவில்லை.

மின்னிசைக் கருவியின் வரலாறும் இதே பாதையில் நடந்தது. 1954இல் வெளிவந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடியாக மக்கள் கேட்டு மயங்கியது, கிளாவியோலின் என்ற மின்கருவியில் கல்யாண்ஜி எழுப்பிய ஒலியாகும். 1964இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் தமது சின்தசைசரை உருவாக்கினார். அத்தகைய ஒன்று 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வந்தது. பெரிய நிறுவனங்களும் வசதி படைத்தோருமே அக்காலத்தில் அதைத் தொட முடிந்தது.

1980இல் ஜப்பானின் கசியோ நிறுவனம் தனது முதல் மின்னிசைக் கருவியை வெளியிட்டது. கணிப்பான் செய்து பழகிய நிறுவனம் அது; சில்லுகள் மலிந்தமையால் இசைக்கருவியும் மலிந்தது. அங்கு புதிதாகச் சேர்ந்த ஹிரோகோ ஒகுடா என்ற இளம் பெண், 1981இல் வெளியான எம்.டி.-40 என்ற சிறு கருவிக்குத் தாள அமைப்புகளை வகுத்தார். அவற்றுள் ஒன்றை யமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் நோயல் டேவி என்ற இளைஞர் கண்டெடுத்தார். அதை வேகம் குறைத்து ஓடவிட்டுப் பிறந்த ‘ஸ்லெங் டெங்’ பாடல், 1985இல் அந்நாட்டு இசையின் போக்கையே மாற்றியது. பெரிய வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாதோர், ஜப்பானிய ஊழியர் ஒருவரின் உழைப்பைத் தமது நகரின் குரலாக மாற்றினர் என்பதே இதன் பொருள்.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதியின் கதவைத் திறந்தது. மத்திய கிழக்கில் உழைக்கச் சென்றோரின் பெட்டிகளிலும் இக்கருவிகள் வந்து சேர்ந்தன. ஒருபுறம் உள்ளூர்த் தொழில்கள் நசிந்தன. மறுபுறம் சில வீடுகளில் முதன்முறையாக ஒரு வாத்தியம் ஒலித்தது. இரண்டையும் சேர்த்தே நாம் எழுதவேண்டும். 2022இல் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, ‘மலிவான கருவி’ என்ற சொல்லே எமது மாணவருக்குப் பொருளற்றதாயிற்று. கிருலப்பனை மாணவன் இரண்டாங் கையாக வாங்கியதன் காரணமும் இதுவே.

அவனுக்கு நாம் சொன்னவை சில. முதலில் தானியங்கித் தாளத்தை நிறுத்திவிடு. அது ஓடும்போது நீ வாசிப்பதாகத் தோன்றும், உண்மையில் அதுவே வாசிக்கிறது. காலால் தாளமிடப் பழகு. நூறு ஒலிகளில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள். ‘சி’ என்ற வெள்ளைக் கட்டையைச் சட்சமாகக் கொள். அதையடுத்த கறுப்புக் கட்டை சுத்த ரிஷபம். ‘ஈ’, ‘எஃப்’ என்னும் வெள்ளைக் கட்டைகள் அந்தர காந்தாரமும் சுத்த மத்திமமும், ‘ஜி’ பஞ்சமம், அதையடுத்த கறுப்பு சுத்த தைவதம், ‘பி’ காகலி நிஷாதம். இது மாயாமாளவகௌளை. இதில் சரளி வரிசையை வாசி; வாசிக்கும்போதே வாயாலும் பாடு. கட்டையால் முடியாத கமகத்தை உன் குரல் செய்யட்டும்.

ஒலி பிறக்கும் முறையையும் அவன் அறியவேண்டும் என்றோம். மின்னலையை எழுப்பும் பகுதி ஒன்று. அதன் கூர்மையைக் குறைத்து மென்மையாக்கும் வடிகட்டி ஒன்று. ஒலி எழுந்து, நின்று, தேயும் விதத்தை வகுக்கும் பகுதி ஒன்று. இம்மூன்றையும் விளங்கிக்கொண்டவனுக்குக் கருவி மாயப்பெட்டியாக இராது. விற்பவன் வகுத்துத் தந்த ஒலியோடு அவன் அடங்கிவிடவும் மாட்டான்.

மூன்று மாதங்களின் பின் அம்மாணவன் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசித்தான். ரிஷபத்தை அசைத்துப் பாடியும் காட்டினான். “இந்த அசைவு பெட்டியில் வரவில்லை, சேர்” என்று குறைப்பட்டான். கமகம் என்றால் என்னவென்பதை அவன் அந்த மலிவுப் பெட்டியின் குறையிலிருந்தே கற்றுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வயலின் கிடைக்கவேண்டும். அதைக் கொடுக்கக்கூடிய பாடசாலைகள் வேண்டும். அவை வரும்வரை, அவன் கையிலுள்ள பெட்டியை விளையாட்டுச் சாமான் என்று பழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.