பொதுவான கேள்விகள், தனித்தனிப் பணப்பைகள்

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் சர்வதேச அமைப்புகள் பலவற்றின் இருப்பிடமாக விளங்குகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகமும், உயிரினப் பல்வகைமை உடன்படிக்கையின் செயலகமும், ஓசோன் படலத்தைக் காப்பதற்கான பலதரப்பு நிதியத்தின் செயலகமும் அங்குதான் இயங்கிவருகின்றன. 2014ஆம் ஆண்டில் இந்த வரிசையில் மேலும் ஒன்று சேர்ந்தது. எதிர்காலப் பூமி என்று பொருள்படும் "ஃபியூச்சர் எர்த்" என்ற சர்வதேச ஆய்வு வலையமைப்பு, தனது செயலகத்தை ஐந்து நகரங்களில் பகிர்ந்து நடத்த முடிவுசெய்தபோது, அவற்றில் ஒன்றாக மாண்ட்ரியலைத் தெரிவுசெய்தது. பாரிஸ், ஸ்டாக்ஹோம், டோக்கியோ, அமெரிக்காவின் போல்டர் ஆகியவை ஏனைய நான்கு. மாண்ட்ரியல் அலுவலகம் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் அமைந்தது.

பூமியின் சூழலும் மனித வாழ்வும் எவ்வாறு மாறிவருகின்றன என்பதைப் பற்றி எந்தெந்தக் கேள்விகளை முதலில் ஆராய வேண்டும் என்று பல நாடுகளின் விஞ்ஞானிகள் கூடி முடிவுசெய்வதும், அந்த முடிவைச் செயல்படுத்த ஆய்வுக் குழுக்களை இணைப்பதும் இவ்வமைப்பின் பணி. அவ்வாறு ஒப்புக்கொள்ளப்படும் கேள்விகளின் தொகுப்பை "பொது ஆய்வு நிரல்" எனலாம். 2014இல் வெளியான ஃபியூச்சர் எர்த்தின் ஆய்வு நிரல், மாறிவரும் பூமி, உலகளாவிய நிலைபேறான வளர்ச்சி, நிலைபேற்றை நோக்கிய மாற்றங்கள் என்ற மூன்று தலைப்புகளின் கீழ் அமைந்திருந்தது.

இது வெறுமையிலிருந்து தோன்றிய முயற்சியல்ல. 1980களின் பிற்பகுதியிலிருந்தே உலகச் சூழல் மாற்றம் குறித்த ஆய்வுகளைச் சில சர்வதேசத் திட்டங்கள் ஒருங்கிணைத்துவந்தன. 1987இல் தொடங்கிய சர்வதேச நிலக்கோள உயிர்க்கோளத் திட்டம், 1991இல் உருவான "டைவர்சிட்டாஸ்" என்ற உயிரினப் பல்வகைமைத் திட்டம், சூழல் மாற்றத்தின் மனிதப் பரிமாணங்களை ஆராய 1996இல் புதிய வடிவம் பெற்ற மற்றொரு திட்டம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இம்மூன்றையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவரவே, 2012 ஜூனில் ரியோ டி ஜெனீரோ மாநாட்டை ஒட்டி ஃபியூச்சர் எர்த் அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் முடிவுக்குள் பழைய திட்டங்கள் மூன்றும் தனித்து இயங்குவதை நிறுத்திக்கொண்டன.

இவ்வமைப்பின் முதல் நிர்வாக இயக்குநராக 2015இல் பொறுப்பேற்றவர் கான்கார்டியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த பால் ஸ்ரீவத்ஸவா. போபாலைச் சேர்ந்த இவர், அந்நகரின் யூனியன் கார்பைடு ஆலையில் 1984இல் நிகழ்ந்த நச்சுவாயுக் கசிவு பற்றி 1987இல் எழுதிய நூலின் மூலம் அறியப்பட்டவர். அவர் இயற்கை விஞ்ஞானி அல்லர், நிர்வாகவியல் பேராசிரியர். பூமியின் மாற்றங்களை அளந்து சொல்வது மட்டும் போதாது, நிறுவனங்களும் அரசுகளும் ஏன் நடவடிக்கை எடுக்கத் தவறுகின்றன என்பதும் ஆராயப்பட வேண்டும் என்ற புதிய நோக்கோடு அந்தத் தெரிவு பொருந்தியே இருந்தது.

ஐரோப்பாவின் அனுபவம்

இத்தகைய பொது நிரல்களை வகுப்பதில் மிகுந்த அனுபவம் கொண்டது ஐரோப்பா. 2008 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கையொன்று, ஐரோப்பாவில் அரசுகள் ஆய்வுக்குச் செலவிடும் பணத்தில் சுமார் 85 சதவீதம் அந்தந்த நாட்டுக்குள்ளேயே திட்டமிடப்பட்டுச் செலவாகிறது என்று சுட்டிக்காட்டியது. ஒரே நோயை, ஒரே நதியை, ஒரே பயிரைப் பல நாடுகள் ஒன்றையொன்று அறியாமல் ஆராய்ந்துகொண்டிருக்கும் நிலை இருந்தது. இதற்குப் பரிகாரமாக முன்வைக்கப்பட்டதே "கூட்டுத் திட்டமிடல் முன்முயற்சி" என்ற ஏற்பாடு. விரும்பும் நாடுகள் சேர்ந்து ஒரு துறைக்கான பொது நிரலை எழுதும். பின்னர் அதன்படி தத்தம் நிதியைச் செலவிடும்.

அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு நோய்கள் பற்றிய முயற்சி முதலில் தொடங்கி, 2012இல் தனது ஆய்வு நிரலை வெளியிட்டது. கனடாவின் சுகாதார ஆய்வு நிறுவனமும் அதில் இணைந்துகொண்டது. நீர், கடல்கள், விவசாயமும் பருவநிலையும், நகரங்கள், மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் என ஏனைய முயற்சிகளும் தொடர்ந்தன.

உலக அளவில் இதே வேலையைச் செய்வது பெல்மாண்ட் மன்றம். 2009இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்மாண்ட் என்ற இடத்தில் கூடிய ஆய்வு நிதி அமைப்புகள் உருவாக்கியது இது. இந்தியாவின் புவி அறிவியல் அமைச்சகமும் இதில் உறுப்பினராக இணைந்தது. ஃபியூச்சர் எர்த் கேள்விகளை வகுக்கிறது, பெல்மாண்ட் மன்றத்தின் உறுப்பினர்கள் அவற்றில் சிலவற்றுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள் என்று இவ்வுறவைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2012இல் இம்மன்றத்தின் முதல் கூட்டு அழைப்பு நன்னீர்ப் பாதுகாப்பு, கடற்கரைப் பகுதிகளின் பாதிப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா நதிகளின் கழிமுகத்தை மீகாங், அமேசான் கழிமுகங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த திட்டம் அதன் விளைவுகளில் ஒன்று.

பணம் எப்படிப் பிரிகிறது?

கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் சிக்கல் நிதியில்தான் இருக்கிறது. கூட்டு அழைப்புகளில் பெரும்பாலும் உண்மையான பொதுப் பணப்பை கிடையாது. ஒவ்வொரு நாடும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கும். ஆனால் அத்தொகை அந்நாட்டு ஆய்வாளர்களுக்கே போய்ச் சேரும். இதைப் பெயரளவிலான பொது நிதி என்று சொல்வதே பொருத்தம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கனடா, பிரான்ஸ், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு திட்டத்தை அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்வதேச மதிப்பீட்டுக் குழு அதற்கு மூன்றாம் இடம் தருகிறது. ஆனால் முதல் இரண்டு திட்டங்களிலேயே இந்தியா ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. கனடாவிடமும் பிரான்ஸிடமும் பணம் இருந்தும், மூன்றாவது திட்டம் நின்றுபோகிறது. அதைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஏழாவது திட்டத்தில் இந்தியா இல்லாததால் அதற்கு வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. அறிவியல் தகுதி ஒன்று சொல்ல, கணக்குப் புத்தகம் வேறொன்று சொல்கிறது. தெரிவான திட்டங்களிலும், ஒரு நாடு ஜனவரியில் பணம் தர, இன்னொரு நாட்டின் ஒப்புதல் அக்டோபரில் வருவது போன்ற தாமதங்கள் இத்தகைய ஏற்பாட்டில் எளிதில் நேர்கின்றன.

பொது மக்களின் வரிப்பணம் எங்கே போகிறது என்று தத்தம் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசுகளுக்கு இருப்பதால், இதை வெறும் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது. மாண்ட்ரியலை ஒட்டிய லாங்கெய் நகரில் தலைமையகத்தைக் கொண்டுள்ள கனடிய விண்வெளி நிறுவனம் இதற்கு நல்ல சான்று. 1979இலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஒத்துழைப்பு நாடாக விளங்கும் கனடா, அங்கு செலுத்தும் பணத்துக்கு ஈடாகத் தன் நாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்களை எதிர்பார்க்கிறது. முகமையின் விதிகளும் அதற்கு இடம் தருகின்றன. செயற்கைக்கோள் பாகங்களைப் பங்கிட்டுச் செய்வதில் இந்த முறை ஓரளவு பலித்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்கான விடையை அப்படிப் பங்கிட முடிவதில்லை.

அதே நகரில் மற்றொரு முன்மாதிரி

மாண்ட்ரியலிலேயே இதற்கு மாறான அனுபவம் ஒன்று உண்டு. ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பர் 16ஆம் தேதி அங்கு ஒப்பேற்பட்டது. அண்டார்டிகாவின் மீது ஓசோன் படலம் வசந்த காலத்தில் கடுமையாக மெலிவதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தது 1985இல். அடுத்த சில ஆண்டுகளில் பல நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து, எந்த வேதிப்பொருள், எவ்வளவு, எப்போது என்ற குறுகிய கேள்விகளுக்கு விடை தேடினார்கள். குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிவியல் மதிப்பீடு செய்யப்பட வேண்டும் என்பது உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது.

நிதி விஷயம் மூன்று ஆண்டுகள் கழித்தே தீர்ந்தது. மாற்று வேதிப்பொருள்களுக்கு மாறும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை இந்தியாவும் சீனாவும் அழுத்தமாக எழுப்பின. 1990இல் லண்டனில் பலதரப்பு நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே, 1992இல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. இலங்கை அதற்கு முன்பே, 1989இல் சேர்ந்திருந்தது. வளர்ந்த நாடுகள் பணம் தருகின்றன. ஆனால் அதைப் பகிர்ந்தளிக்கும் 14 உறுப்பினர் செயற்குழுவில் ஏழு இடங்கள் வளரும் நாடுகளுக்கு. இதுவரை 400 கோடி டாலருக்கும் அதிகமான தொகை இவ்வாறு வழங்கப்பட்டிருக்கிறது.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. பலதரப்பு நிதியம் ஆலைகளை மாற்றியமைப்பதற்கானது, ஆய்வுக்கானது அன்று. ஓசோன் ஆய்வுக்கும் கண்காணிப்புக்கும் 2003இல் ஏற்படுத்தப்பட்ட தனி நிதி, நாடுகள் விருப்பப்பட்டுத் தரும் சிறு தொகைகளையே நம்பியிருக்கிறது. எனினும், ஃபியூச்சர் எர்த்துக்கு வாய்க்காத இரண்டு விஷயங்கள் ஓசோன் ஏற்பாட்டுக்கு வாய்த்தன: குறுகிய கேள்விகள், உண்மையான பொதுப் பணப்பை. ஃபியூச்சர் எர்த்தின் 2014 நிரல் உணவு, நீர், எரிசக்தி, நகரங்கள், உடல்நலம் என யாவற்றையும் உள்ளடக்கியது. யாரையும் விட்டுவிடாமல் எழுதப்படும் நிரலில், எதை முதலில் செய்வது என்ற கேள்வி மீண்டும் நிதி தருவோரிடமே திரும்பிவிடுகிறது.

யாருடைய கேள்வி?

இது தெற்காசியாவுக்கு அக்கறையுள்ள விஷயம். ஃபியூச்சர் எர்த்தின் தெற்காசிய அலுவலகம் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா பருவநிலை மாற்ற மையத்தில் அமைந்தது. ஆனால் அலுவலகம் இருப்பதும், இப்பகுதியின் கேள்விகள் நிதி பெறுவதும் வேறு வேறு.

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளைப் பலிகொண்டுவரும் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களையும் அது தாக்குகிறது. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் காணப்படுகிறது. கடும் வெயிலில் நீரிழந்து உழைப்பதா, கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடும் கடினத்தன்மையும் காரணமா, பயிர்களுக்கு இடும் இரசாயனங்களா என்ற விவாதம் முடிவடையவில்லை. எல்லா இடங்களிலும் ஒரே முறையில் அளந்து ஒப்பிட்டால் மட்டுமே விடை தெளிவாகும். பொது ஆய்வு நிரல் என்ற ஏற்பாடு இத்தகைய கேள்விக்காகவே உருவானதைப் போலத் தோன்றும். ஆனால் நீருக்கு ஒரு நிரல், விவசாயத்துக்கு ஒரு நிரல், உடல்நலத்துக்கு ஒரு நிரல் என்று பிரித்துவைக்கப்பட்டால், மூன்றுக்கும் நடுவே விழும் நோய் எதற்கும் சொந்தமாகாது. பாதிக்கப்பட்ட நாட்டின் நிதி அமைப்பு அழைப்பில் பங்கேற்கவில்லையென்றால், அந்நாட்டு ஆய்வாளர் சொந்தச் செலவில் சேரலாம் என்பதே நடைமுறை.

கனடாவைப் பொறுத்தவரை, 2024 ஜூலை 3ஆம் தேதி நிலைமை மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் "ஹொரைசன் ஐரோப்பா" ஆய்வுத் திட்டத்தில், உலகளாவிய சவால்கள் பற்றிய இரண்டாம் பகுதியில் இணையும் உடன்பாட்டில் கனடா அன்று கையெழுத்திட்டது. 2021 முதல் 2027 வரையிலான அத்திட்டத்தில் இப்பகுதிக்கு மட்டும் 5 ஆயிரம் கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகை ஒதுக்கப்பட்டுள்ளது. கனடா தன் பங்கைச் செலுத்துகிறது. அதற்குப் பதிலாக மாண்ட்ரியலிலுள்ள ஓர் ஆய்வாளர் பிரஸ்ஸல்ஸிடமிருந்து நேரடியாகப் பணம் பெறலாம், கூட்டுத் திட்டத்துக்குத் தலைமையும் ஏற்கலாம். இது உண்மையான பொதுப் பணப்பை.

தெற்காசியர்களுக்கு இதே திட்டத்தின் பொதுவிதி வேறு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் உள்ள இலங்கையின் நிறுவனங்கள் கூட்டுத் திட்டங்களில் சேர்ந்தால் ஐரோப்பிய நிதியைப் பெறத் தகுதியுடையவை. இந்தியா பெரிய பொருளாதாரம் என்ற காரணத்தால் அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை; இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் டெல்லி ஒதுக்கும் இணை நிதியையே நம்ப வேண்டியுள்ளது. ஒரே சிறுநீரக நோயை அனுராதபுரத்திலும் உத்தானத்திலும் ஆராய முன்வரும் ஒரு குழு, முதலாவது இடத்துக்கான செலவைப் பிரஸ்ஸல்ஸிடமும் இரண்டாவது இடத்துக்கானதை டெல்லியிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டிவரும்.