கோலைச் சுற்றிய பாம்பு



கிரேக்க நாட்டிற்கும் உரோமைக்கும் பயணம் சென்று வருவோர், நினைவுப்பொருளாக ஒரு சிறு சிலையை வாங்கி வருவதுண்டு. தாடியுடைய பெரியவர், கையில் ஊன்றுகோல், அதைச் சுற்றியேறும் ஒற்றைப் பாம்பு. "இதை வீட்டில் வைக்கலாமா, சுவாமி?" என்னும் வினாவுக்கு வரலாற்றின் வழியே விடை தேடுவோம்.

இவர் அஸ்கிளேப்பியஸ். ஓமரின் காவியத்தில் குறையற்ற மருத்துவராக மட்டுமே குறிப்பிடப்படும் இவரைப் பிற்காலக் கிரேக்கர் நலமளிக்கும் தெய்வமாக்கினர். எப்பிதாவுருஸ் நகரிலிருந்த இவரது திருத்தலத்தில் நோயாளர் இரவில் உறங்கி, கனவில் இவர் தோன்றிக் குணமளிப்பார் எனக் காத்திருந்தனர். பொன்னாலும் தந்தத்தாலும் ஆன இவரது பெருஞ்சிலையை அங்குக் கண்டதாகக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியாஸ் எழுதியுள்ளார்.

கி.மு. 293-இல் உரோமையைக் கொள்ளைநோய் வாட்டியது. எப்பிதாவுருஸிலிருந்து கப்பலில் கொணரப்பட்ட புனிதப் பாம்பு தைபர் ஆற்றின் தீவில் இறங்கியதாகவும், அங்கேயே கோவில் எழுந்ததாகவும் உரோமையரின் மரபு கூறுகிறது. பாம்பு சுற்றிய கோலின் புடைப்புச் சிற்பத்தை அத்தீவின் கரையில் இன்றும் காணலாம்.

ஆயினும் அக்கோவிலுக்கு வேறொரு முகமும் உண்டு. நோயுற்ற அடிமைகளுக்கு மருத்துவம் பார்ப்பதைச் சுமையாகக் கருதிய உரிமையாளர், அவர்களை அத்தீவில் கைவிட்டுச் சென்றனர். நலமளிக்கும் தெய்வத்தின் வாயிலே வேண்டாதவரை விட்டுச்செல்லும் இடமாயிற்று! அவ்வாறு கைவிடப்பட்டோர் விடுதலை பெற்றவர்; குணமடைந்தாலும் பழைய உரிமையாளரிடம் திரும்ப வேண்டியதில்லை எனப் பேரரசர் கிளவுதியு ஆணையிட்டார். திருத்தூதர் பணிகள் நூலில், யூதரை உரோமையிலிருந்து வெளியேற்றியவராக நாம் வாசிக்கும் அதே கிளவுதியு!

கோவில் இருந்த இடத்தில் இன்று புனித பர்த்தலமேயு பேராலயம் நிற்கிறது. அதே தீவில் 16-ஆம் நூற்றாண்டில் இறை யோவான் சபைத் துறவியர் தொடங்கிய மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. 1943-இல் நாசிப் படையினர் யூதரைத் தேடியபோது, அங்கிருந்த மருத்துவர்கள் யூதர் சிலரை நோயாளராகச் சேர்த்து, 'கே' என்னும் இல்லாத நோயொன்றின் பெயரை எழுதிவைத்தனர். தொற்றுக்கு அஞ்சிய படையினர் அப்பகுதிக்குள் நுழையவில்லை.

இனி, உங்கள் வினாவுக்கு வருவோம். மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை இறைவனே செய்யச் சொன்னார் (எண் 21). மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா மன்னர் அதை உடைத்தெறிந்தார் (2 அர 18). ஆகவே சிலையை அழகுப்பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கும் தூபமும் அதற்கு வேண்டாம்.

ஆனால் அதைக் காணும்போதெல்லாம் அத்தீவில் விடப்பட்டோரை நினையுங்கள். நம் பங்கிலும், முதியோர் இல்லங்களில் தமிழில் பேச ஒருவருமின்றி நாள் கழிக்கும் தாய் தந்தையர் உள்ளனர். ஊரில் தனித்திருந்து நம் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்போரும் உள்ளனர். இவ்வாரம் அவர்களுள் ஒருவருக்கேனும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.