அரங்கை நீங்காத அடியவர்: கிரீஷ் சந்திர கோஷ்

கூத்தாடி என்னும் சொல்லை நம்மவர் வசைமொழியாக வழங்கிய காலம் ஒன்று இருந்தது. வங்காளத்திலும் அக்காலத்து நிலை அதுவே. நாடகத்தைக் கண்டு களிக்கச் சென்றோர் பலர். நாடகக்காரரைத் தம் வீட்டில் ஏற்று உபசரிக்க முன்வந்தோர் சிலர். அத்தகைய காலத்திலே மேடையையே வாழ்வாகக் கொண்டு, அம்மேடையை விட்டு நீங்காமலே அடியவராகவும் விளங்கிய ஒருவரின் வரலாற்றை இங்கு நாம் எடுத்துரைக்க விழைகின்றோம். நடிகராய், நாடகாசிரியராய், நடிப்புக் கற்பித்த ஆசானாய் வங்க அரங்கை வளர்த்த கிரீஷ் சந்திர கோஷே அவர்.

1844ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 28ஆந் திகதி கல்கத்தா நகரத்துப் பாக்பஜாரில் அவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிப்படிப்பு முற்றுப்பெறவில்லை. ஆயினும் ஆங்கில இலக்கியத்தைத் தாமாகவே ஆழ்ந்து கற்றார். பகலில் ஆங்கிலேயரின் வர்த்தகக் கந்தோரில் கணக்கெழுதுவார்; இரவில் நண்பர்களோடு நாடகம் பழகுவார். மதுப்பழக்கமும் இருந்தது, கடவுள் இல்லை என்ற வாதமும் இருந்தது. இவற்றை அவர் ஒருபோதும் மறைத்தவரல்லர்.

1860ஆம் ஆண்டுகளின் இறுதியில் பாக்பஜார் இளைஞர் குழுவொன்று தீனபந்து மித்திரரின் ‘சதவார் ஏகாதசி’ என்னும் நாடகத்தை நடித்தது. அதில் கல்வியிருந்தும் குடியினால் அழியும் நிம்சாந்த் என்னும் பாத்திரத்தை ஏற்றுக் கிரீஷ் பெயர் பெற்றார். அக்குழுவே 1872 டிசம்பர் 7ஆந் திகதி ‘நஷனல் தியேட்டர்’ என்ற பெயரில், கட்டணம் செலுத்தி எவரும் காணத்தக்க அரங்கைத் தொடக்கிற்று. அதுவரை வங்க நாடகம் பெரும்பாலும் செல்வர் மாளிகைகளில் அழைப்புப் பெற்றோர்க்கே உரியதாயிருந்தது. ஆயின் கிரீஷ் அன்று ஒதுங்கி நின்றார். தேசத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு, அதற்கேற்ற மண்டபமும் சாதனங்களும் இன்றிக் காசு வாங்குதல் தகாது என்பது அவர் கருத்து. பின்னர் அவரே அவர்களோடு சேர்ந்து உழைத்தார்.

1873இல் ‘பெங்கால் தியேட்டர்’ பெண் வேடங்களுக்குப் பெண்களையே அமர்த்தியது. குலப்பெண்கள் மேடையேறாத காலமாகையால் கணிகையர் குலத்திலிருந்தே அவர்கள் வந்தனர். பெண்கல்விக்கும் விதவை மறுமணத்துக்கும் பாடுபட்ட ஈசுவர சந்திர வித்தியாசாகரர்கூட இதனை ஏற்காமல் அவ்வரங்கின் தொடர்பை நீத்தார். வித்தியாசாகரரே விலகினாரெனில், ஊரார் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1880ஆம் ஆண்டளவில் கிரீஷ் கந்தோர் வேலையை விடுத்து, அதனிலும் குறைந்த சம்பளத்துக்கு நஷனல் தியேட்டரின் நிர்வாகியானார். வேண்டிய நாடகங்களை எழுதுவோர் இல்லாமையால் தாமே எழுதத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல அருகிலிருப்போர் எழுதுவர். ஏறத்தாழ எண்பது நாடகங்கள் இவ்வாறு பிறந்தன. நடிகர் மூச்சுவிட்டு உரைப்பதற்கு இசைவாய், அடிகள் நீண்டும் குறுகியும் வரும் செய்யுள்நடை ஒன்றையும் அவர் கையாண்டார். அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அவர் பயிற்றிய மாணவர்களுள் முதன்மையானவர் பினோதினி தாசி. பதினொன்று பன்னிரண்டு வயதில் மேடையேறிய அப்பெண்ணுக்குச் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் மேனாட்டு நடிகையரின் திறன்களையும் கதைபோற் சொல்லி, பாத்திரத்தின் உள்ளத்தை அறிந்து நடிக்கக் கிரீஷ் கற்பித்தார்.

பழைய முதலாளியோடு பிணக்குற்ற நடிகர்கள் தமக்கென ஓர் அரங்கு வேண்டுமென விரும்பினர். குர்முக் ராய் என்ற செல்வந்த வாலிபர் பணந்தர முன்வந்தார். ஆனால் பினோதினி தம்மோடு வாழவேண்டும் என்றார். அரங்கு எதற்கு, ஐம்பதாயிரம் ரூபா தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். பினோதினி பணத்தை மறுத்து அரங்கையே கேட்டார். தம் பெயரின் முதலெழுத்தால் அது ‘பி தியேட்டர்’ என வழங்கும் என்று சகநடிகர்கள் சொன்னதை அவர் நம்பியிருந்தார். பதிவு முடிந்தபோது பெயர் ‘ஸ்டார் தியேட்டர்’ என்றிருந்தது. கணிகையின் பெயர் தாங்கிய மண்டபத்துக்கு மக்கள் வாரார் என்ற அச்சமே காரணம். 1883 ஜூலை 21ஆந் திகதி கிரீஷின் ‘தக்ஷ யக்ஞம்’ நாடகத்தோடு ஸ்டார் திறக்கப்பட்டது. தக்கனாகக் கிரீஷும் சதியாகப் பினோதினியும் நடித்தனர். அக்குழுவின் தலைவராயிருந்த கிரீஷை இப்பழியினின்று நாம் முற்றாக விடுவித்தல் இயலாது.

1884 ஆகஸ்டில் ‘சைதன்ய லீலை’ அரங்கேறியது. சைதன்யராகப் பினோதினி நடித்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி தக்ஷிணேசுவரத்துப் பரமஹம்சர் ஸ்ரீ இராமகிருஷ்ணர் அந்நாடகத்தைக் காண வந்தார். வாயிலில் கிரீஷ் வணங்க, அவர் திருப்பி வணங்கினார். கிரீஷ் மீண்டும் வணங்க, அவரும் மீண்டும் வணங்கினார். இது முடியாதெனக் கண்ட கிரீஷ் மனத்துள் வணங்கி அவரை மேலே அழைத்துச் சென்றார். நாடகம் முடிந்ததும் பரமஹம்சர் பினோதினியை ஆசீர்வதித்தார். கற்றோர் விலகிச் சென்ற இடத்துக்கு அவர் தாமாகவே நடந்து வந்தார் என்பதே இங்கு நாம் உன்னத்தக்கது.

அன்றுதொட்டுக் கிரீஷின் உள்ளம் அவர்பால் ஈர்ப்புண்டது. எனினும் இயல்பு உடனே மாறிவிடவில்லை. ஒருநாள் மதுமயக்கத்தில் அவரை இழிவாக ஏசினார். அடியார்கள் சினந்தனர், பரமஹம்சரோ கிரீஷின் வீட்டைத் தேடிச் சென்றார். காலையும் மாலையும் இறைவனை நினைக்குமாறு அவர் சொன்னபோது, வாக்களித்துத் தவறிவிடுவேன் என்று கிரீஷ் தயங்கினார். உண்ணுமுன்னும் உறங்குமுன்னுமாவது நினைக்கலாமே என்றபோதும் அதே தயக்கம். அப்படியாயின் பொறுப்பனைத்தையும் எம்மிடம் எழுதிக்கொடுத்துவிடு என்றார் குரு. எளிதாயிற்றென்று கிரீஷ் மகிழ்ந்தார். ஆயின் பின்னொருநாள் ‘இதை நான் செய்வேன்’ என்று அவர் கூறியபோது, பொறுப்பைக் கொடுத்தவன் அவ்வாறு சொல்லலாமா எனக் குரு திருத்தினார். ஒவ்வொரு மூச்சிலும் ‘நான்’ என்பதை விடவேண்டிய கடினமான நோன்பு அது என்பதைக் கிரீஷ் பிற்காலத்திலேயே உணர்ந்தார்.

நாடகத்தொழிலை விட்டுவிடலாமா என்று கிரீஷ் கேட்டதுண்டு. வேண்டாம், அதனால் மக்களுக்கு நன்மை உண்டாகிறது என்பதே குருவின் விடை. 1886 ஆகஸ்டு 16இல் பரமஹம்சர் மறைந்தபின்னும் கிரீஷ் கால்நூற்றாண்டு மேடையிலேயே நின்றார். ஸ்டார் குழுவினர் தம் முதல் மண்டபத்தை இழந்தபோது, வேறோர் அரங்கில் தமக்குக் கிடைத்த முன்பணத்தில் 16,000 ரூபாவை அவர்களுக்கே ஈந்தார். அவர்கள் 1888இல் ஹாத்திபாகானில் புதிய ஸ்டாரை எழுப்பினர்.

1893 ஜனவரியில் ‘மினர்வா தியேட்டர்’ அவர் மொழிபெயர்த்த ‘மக்பெத்’ நாடகத்தோடு திறக்கப்பட்டது. அறிஞர் புகழ்ந்தனர், பொதுமக்கள் வந்தாரில்லை. உடனே ‘அபு ஹுசேன்’ என்ற களிநாடகத்தை எழுதி அரங்கைக் காத்தார். ‘பிரபுல்லா’வில் மதுவால் சிதையும் குடும்பத்தையும், 1905இல் ‘பலிதான்’ நாடகத்தில் சீதனக் கொடுமையையும் காட்டினார். வங்கப் பிரிவினையின்போது எழுந்த அவரது ‘சிராஜுத்தௌலா’வைப் பின்னர் அரசாங்கம் தடைசெய்தது.

1911 ஜூலையில் ஒரு மழை இரவு. ஆஸ்துமா நோயால் மெலிந்திருந்த கிரீஷ் பலிதானில் பெண்ணைப் பெற்ற தந்தை கருணாமயனாக நடிக்கவேண்டியிருந்தது. சபையோர் சிலரே; நிறுத்திவிடலாம் என்றனர். மழையில் நனைந்து வந்தவர்களை ஏமாற்றலாகாது என்று அவர் மேடையேறினார். அதுவே அவரது இறுதி வேடம். 1912 பெப்ரவரி 8ஆந் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார்.

பினோதினியோ இருபத்துமூன்று வயதளவிலேயே மேடையை நீத்தார். 1912இல் தம் சரிதையை வெளியிட்டு, பெயர் மாறிய கதையையும் அதில் எழுதிவைத்தார். 1941இல் மறைந்தார். ஹாத்திபாகான் ஸ்டார் 1991இல் தீக்கிரையாகி, 2004இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2024 டிசம்பர் இறுதியில் அதற்குப் ‘பினோதினி தியேட்டர்’ எனப் பெயர் சூட்டப்படும் என்று மேற்கு வங்க அரசு அறிவித்தது. கொடுத்த வாக்கு நிறைவேற நூற்று நாற்பத்தொரு ஆண்டுகள் சென்றன!

இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகிய எம் விபுலாநந்த அடிகளார் 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடகநூலை ஆக்கியளித்ததை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். துறவுக்கும் அரங்குக்கும் பகையில்லை என்பதற்கு அதுவும் சான்று.

விழாக்காலத்தில் நாடகம் பழகும் இளைஞர்களைப் பொழுதுபோக்குவோர் எனக் கடிந்துகொள்ளும் பெரியோர்க்கு, பரமஹம்சர் கிரீஷுக்குச் சொன்ன விடையை நாம் பணிவோடு நினைவூட்டுகின்றோம். மேடையேறும் இளைஞர்களுக்கோ அந்த மழை இரவைச் சுட்டுகின்றோம். திரைக்குப் பின்னால் உழைத்தவரின் பெயரை மறைக்காதிருத்தலும் நாடகதருமமே என்பதை இருசாராரும் உளங்கொள்வோமாக.